முதலில் பதிவா, முனைவர் படிப்பா?

தம்பி, பேராதனையில் பிசியோதெரபி முடித்து, திருகோணமலை ஆஸ்பத்திரியில் வேலை செய்துவிட்டு மெல்பேர்ண் வந்திருக்கிறீர்கள். பாரிசவாதம் (பக்கவாதம்) வந்தவர்கள் தேறுவதைப் பற்றி ஆராய்ச்சி செய்ய வேண்டும், அதையே படிப்பிக்கவும் வேண்டும் என்கிறீர்கள். முதலில் இங்கே பிசியோதெரபிஸ்டாக வேலை செய்வதற்கான பதிவு எடுப்பதா, நேரே முனைவர் படிப்பில் சேர்வதா என்பது உங்கள் கேள்வி.

என்னைக் கேட்டால் பதிவுதான். வெறும் ஆராய்ச்சிக்கு அது கட்டாயமில்லை. நோயாளியைத் தொட்டு வைத்தியம் செய்யத்தான் பதிவு வேண்டும். ஆஸ்திரேலிய பிசியோதெரபி கவுன்சிலில் எழுத்துப் பரீட்சை, அப்புறம் செய்முறைப் பரீட்சை. காசு நிறையப் போகும், காலமும் இழுபடும். ஆனாலும் வார்ட்டை விட்டு விலகிய ஆராய்ச்சியாளருக்குக் கேள்விகள் வற்றிப்போவதை இங்கே பார்த்திருக்கிறேன்.

வார்ட்டில் பிறக்கும் கேள்வி எப்படிப்பட்டது என்று பாருங்கள். பாரிசவாதம் வந்தவரைக் கெதியாக எழுப்பி நடக்கவிட்டால் நல்லது என்றுதானே நாங்கள் எல்லோரும் நம்பினோம்? இதே மெல்பேர்ணைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் ஜூலி பேர்ண்ஹார்ட் தலைமையில் 2,104 பேரை வைத்து அதைச் சோதித்தார்கள். 2015இல் வந்த முடிவு எதிர்மாறு. நோய் வந்து முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கி அடிக்கடி எழுப்பியவர்களில் 46 வீதம் பேர்தான் மூன்று மாதத்தில் நல்ல நிலையில் இருந்தார்கள். வழமையான பராமரிப்பில் 50 வீதம். அவேர்ட் (AVERT) என்று தேடினால் கிடைக்கும், கட்டாயம் வாசியுங்கள்.

எங்கள் நிலைமைக்குக் கிட்டவான ஆய்வு அட்டெண்ட் (ATTEND). இந்தியாவில் 14 ஆஸ்பத்திரிகள், 1,250 நோயாளிகள். வீட்டாருக்குப் பயிற்சி கொடுத்து அவர்களையே வைத்தியம் செய்யவிட்டும் பலனில்லை என்று 2017இல் வெளியானது. உங்கள் திருகோணமலைப் பக்கம் மூதூரிலும் கிண்ணியாவிலும் துண்டு வெட்டி வீட்டுக்கு அனுப்பிய பிறகு மனைவியோ மகளோதானே பார்க்கிறார்கள்? அப்படியானால் எங்கே பிழை நடந்தது? இதைக் கேட்க உங்களைவிடத் தோதான ஆள் யார்?

முனைவர் படிப்புக்கு மேற்பார்வையாளராக வரச்சொல்லி ஒரு பேராசிரியருக்கு எழுதும்போது சான்றிதழ்களை அடுக்காதீர்கள், அது எல்லோரும் செய்வது. வார்ட்டில் கண்ட ஒன்றை எழுதுங்கள். கையின் செயலை அளக்கும் ஏ.ஆர்.ஏ.டி. (ARAT) சோதனையில் மரக்கட்டை தூக்கவும், ஒரு கிளாஸிலிருந்து இன்னொன்றுக்குத் தண்ணீர் ஊற்றவும் சொல்வார்கள். மொத்தம் 57 புள்ளி. கையை வாய்க்குக் கொண்டுபோகச் சொல்வார்கள், ஆனால் சோறு பிசைந்து சாப்பிடுவதற்கு அதில் இடமில்லை. வலக்கை விழுந்த எங்கள் ஆட்கள் முதலில் கேட்பதே அதைத்தான். இப்படி ஒரு பந்தி போதும், பதில் வரும்.

படிப்பித்தலுக்கு இப்போதே அந்தரப்பட வேண்டாம். முனைவர் படிப்புக்குள் போனால் செய்முறை வகுப்பு எடுக்கப் பல்கலைக்கழகத்தாரே கூப்பிடுவார்கள்.