பாறை சாம்பலாக இருக்கிறதா?

அன்புள்ள ஐயா,

தாத்தா விட்டுச்சென்ற நிக்கான் எஃப்எம்2 கேமராவுடன் இரண்டு மாதமாகக் காடு சுற்றுகிறேன். 2030இல் குறிஞ்சி பூக்கும்போது அதை ஸ்லைடு ஃபிலிமில் (நெகட்டிவ் இல்லாமல் சுருளிலேயே நிஜ நிறத்தில் படம் விழும் ஃபிலிம்) எடுக்க வேண்டும் என்பது என் ஆசை. வெல்வியா 50, ப்ரோவியா 100எஃப், எக்டாக்ரோம் ஈ100 ஆகிய மூன்றில் நம் மலைக்கு எது ஏற்றது? பளபளப்பைக் குறைக்கும் போலரைசர் ஃபில்டர் வாங்க வேண்டுமா? ரோலை ஃப்ரிட்ஜில்தான் வைக்க வேண்டுமா? வண்ணமில்லாத இயற்கைப் படத்தில் எனக்கு நம்பிக்கையில்லை. ஆனால் முதல் ரோலையே லேப்காரர்கள் கெடுத்துவிட்டார்கள். வேலியில் படர்ந்திருந்த நீலப் பூங்கொடியை எடுத்தேன். பூவெல்லாம் ரோஜா நிறத்தில் வந்திருக்கிறது. கேட்டால், தங்கள் பக்கம் தவறில்லை என்கிறார்கள். நன்றாகத் திட்டி ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிட்டேன்.

ம., கோத்தகிரி

அன்புள்ள ம.,

அந்த மின்னஞ்சலை அனுப்புவதற்கு முன் எனக்கு எழுதியிருக்கலாம்.

உங்கள் கடிதம் வந்த நாளில் நான் பழைய ஸ்லைடுகளைப் பிரித்துவைத்துப் பூஞ்சை துடைத்துக்கொண்டிருந்தேன். கொடைக்கானலின் மழைக்காலம் மனிதர்களின் மூட்டுகளுக்குச் செய்வதை ஃபிலிமுக்கும் செய்யும். 1994ஆம் ஆண்டுப் பெட்டியின் அடியில், ஸ்லைடுகளோடு ஒட்டிக்கொண்டு, சென்னையிலிருந்து எனக்கு வந்த ஒரு கடிதம் கிடந்தது. அதை எழுதியவர் ஒரு லேபில் ஃபிலிம் கழுவியவர். முப்பது ஆண்டுகளாக நான் அதற்குப் பதில் எழுதவில்லை.

அந்த ஆண்டு செப்டம்பரில் பூம்பாறையைக் கடந்து மன்னவனூர் செல்லும் வழியில், புல்வெளிச் சரிவு முழுவதும் குறிஞ்சி பூத்திருந்தது. வெல்வியா வெளிவந்து நான்கு ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. நண்பர் ஒருவர் வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து கொடுத்த இரண்டு சுருள்களை, ஒரு கைக்குழந்தையைத் தூக்கிச் செல்வதைப்போலத் துணியில் சுற்றி மலைக்குக் கொண்டுபோனேன். மூன்று நாட்கள் மூடுபனியில் காத்திருந்து எழுபத்திரண்டு படங்கள் எடுத்தேன். தபாலில் திரும்பி வந்த ஸ்லைடுகளைச் சன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தபோது மலை முழுவதும் கத்தரிப்பூ நிறமும் இளஞ்சிவப்பும் கலந்து கிடந்தது. நான் பார்த்த நீலம் எழுபத்திரண்டில் ஒன்றில்கூட இல்லை. அன்றிரவே உட்கார்ந்து, பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை வருவதை ஒரு மணி நேரத்தில் கெடுத்துவிட்டீர்கள் என்று தொடங்கி, இன்று படித்தால் கூசக்கூடிய நான்கு பக்கங்களை எழுதி அனுப்பினேன்.

அவர் எழுதிய பதில் ஏழு வரிகள்தான். கெமிக்கலைச் சோதிக்க அன்று காலை ஓட்டிய கன்ட்ரோல் ஸ்ட்ரிப் சரியாக இருந்தது என்று முதலில் எழுதியிருந்தார். பிறகு கேட்டிருந்தார்: 'படத்தில் பாறை சாம்பலாக இருக்கிறதா? புல் பச்சையாக இருக்கிறதா? இருந்தால் என் கெமிக்கலில் குறையில்லை. உங்கள் பூவில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரியாது.' பாறை சாம்பலாகத்தான் இருந்தது. அதனால்தான் எனக்குக் கோபம் இன்னும் கூடியது.

இப்போது உங்களிடம் அதே கேள்வியைக் கேட்கிறேன். வேலிக்கம்பும் இலையும் உங்கள் படத்தில் எந்த நிறத்தில் இருக்கின்றன? ஸ்லைடு ஃபிலிம் கழுவும் இ-6 முறையில் முதல் கெமிக்கலான முதல் டெவலப்பர் 38 டிகிரியில் ஆறு நிமிடம் ஓட வேண்டும். அதில் அரை டிகிரி பிசகினாலும் படம் காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அந்தப் பிசகு பூவை மட்டும் தேடிப்பிடித்துத் தண்டிக்காது. வானம், இலை, மண், பக்கத்தில் நின்ற மாடு என எல்லாவற்றின் மீதும் ஒரே சாயம் படியும். பூ மட்டும் மாறியிருந்தால் குற்றவாளியைப் பூவுக்கும் ஃபிலிமுக்கும் இடையில்தான் தேட வேண்டும்.

நான் அதைக் கண்டுகொள்ளப் பல ஆண்டுகள் பிடித்தன. நம் கண் சிவப்பின் கடைக்கோடியில், 660 நானோமீட்டர் அலைநீளத்துக்கு அப்பால், ஏறக்குறையக் குருடாகிவிடுகிறது. ஃபிலிமில் சிவப்பை உணரும் அடுக்கோ 650ஐ ஒட்டிய பகுதியில்தான் நன்றாக விழித்திருக்கிறது. சில நீலப் பூக்கள் நீலத்தோடு சேர்த்து அந்தக் கடைக்கோடிச் சிவப்பையும் ஏராளமாகத் திருப்பி அனுப்புகின்றன. நாம் அதைக் காண்பதில்லை, ஃபிலிம் ஒன்றுவிடாமல் எழுதிவைத்துக்கொள்கிறது. இலையிலுள்ள பச்சையம் அதே சிவப்பை விழுங்கிவிடுவதால் இலை தப்பித்துக்கொள்கிறது. ஏஜரேட்டம் என்னும் தோட்டச்செடியின் நீலப் பூவில் இது பெரிதும் தொல்லை கொடுத்ததால் இதற்கு ஏஜரேட்டம் விளைவு என்றே பெயர். வேலியில் படரும் நீலப் பூங்கொடிகளும் இதே குடும்பக் குற்றத்தைச் செய்பவை. நீல ஃபில்டர் போட்டுத் திருத்தலாம் என்று நினைக்காதீர்கள். பூ சற்றுத் தேறும்போது புல்வெளி நோயாளியைப்போலாகிவிடும். நான் செய்து பார்த்திருக்கிறேன்.

அப்போதுதான் குறுந்தொகையின் மூன்றாம் பாட்டு வேறுவிதமாக எனக்குக் கேட்டது. 'கருங்கோற் குறிஞ்சி' என்கிறது அந்தப் பாட்டு. நிறத்தைத் தண்டுக்குக் கொடுத்துவிட்டுப் பூவின் நிறத்தைப் பற்றி வாய் திறக்கவில்லை. அந்தக் கவிஞருக்கு வேறு காரணங்கள் இருந்திருக்கும். எனினும், பூம்பாறைச் சரிவில் காலையில் ஒரு நீலமாகவும் பனி இறங்கியதும் வேறொரு நீலமாகவும் நின்ற அந்தப் பூவை நினைக்கும்போது, கறுப்புத் தண்டை மட்டும் உறுதியாகச் சொன்னது எனக்கு ஒரு தொழில்காரரின் எச்சரிக்கையாகவே படுகிறது. என் ஸ்லைடுகளிலும் தண்டின் கருமை மிகச் சரியாக வந்திருக்கிறது.

வண்ணமில்லாத இயற்கைப் படத்தில் நம்பிக்கையில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். காட்டுயிர் எழுத்தாளரும் புகைப்படக்காரருமான மா. கிருஷ்ணன் தம் காட்டு யானைகளைப் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையில்தான் எடுத்தார். உங்கள் தாத்தாவும் உதகையில் செய்த 'இந்து' என்னும் கறுப்பு வெள்ளைச் சுருளை அந்த எஃப்எம்2இல் போட்டிருக்கக்கூடும். வீட்டுப் பரணைத் தேடிப் பார்த்துவிட்டுப் பிறகு நம்பிக்கையைப் பற்றிப் பேசுங்கள்.

ஃபிலிம் எது என்று கேட்டீர்கள். வெல்வியா பச்சையையும் சிவப்பையும் உயர்த்திப் பேசும் ஃபிலிம். மூடுபனியால் எல்லாம் வெளிறிக் கிடக்கும் காலையில் அது ஓரளவு உதவும். வெயில் ஏறிய பின் சோலைக்குள் கொண்டுபோனால் நிழலெல்லாம் கரியாகிவிடும், காட்டுப்பூவரசின் பூங்கொத்து இதழ் மடிப்புகளை இழந்து ஒரே சிவப்புத் திட்டாக நிற்கும். சோலைமரங்கள் துளிர்க்கும் பருவத்தில் செம்பும் துருவும் தேன்நிறமுமாக அத்தனை தளிர் நிறங்கள் மெல்லிய இடைவெளிகளில் விரவிக் கிடக்கின்றன. அவற்றை வெல்வியாவிடம் கொடுப்பது ஊமைக்குயிலுக்கு ஒலிபெருக்கி வைப்பது போன்றது. ஆகவே நான் ப்ரோவியாவைச் சொல்வேன். கிடைக்காவிட்டால் ஈ100 போதும், அதுவும் அடக்கமான நிறம் கொண்டதுதான். ஆனால் ஏதாவது ஒன்றை எடுத்துக்கொண்டு 2030 வரை அதையே போடுங்கள். ரோலுக்கு ரோல் மாற்றுகிறவருக்குத் தவறு தன்னுடையதா ஃபிலிமுடையதா என்பது கடைசிவரை தெரியாது. போலரைசர் இருக்கட்டும். ஃப்ரிட்ஜும் இருக்கட்டும், எடுத்தவுடன் திறக்காமல் ரோல் அறையின் சூட்டுக்கு வரும்வரை பொறுத்தால் போதும்.

ஒன்றை மட்டும் இன்றே கற்றுக்கொள்ளுங்கள். உங்கள் கேமராவின் ஒளி மீட்டர் பனியைப் பார்த்தால் சாம்பல் என்று நினைத்துக்கொள்ளும். அதன் சொல்லைக் கேட்டால் வெண்பனி அழுக்குத்துணியாக வரும். ஒரு ஸ்டாப் (அதாவது இருமடங்கு வெளிச்சம்), சில காலைகளில் ஒன்றரை, கூட்டிக் கொடுங்கள். நெகட்டிவ் இந்தத் தவறுகளை மன்னிக்கும். ஸ்லைடில் அரை ஸ்டாப் மிகுந்தாலே வெளிச்சப் பகுதி கழுவிப்போய்விடும். ஒவ்வொரு சுருளிலும் ஒரு படத்திலாவது சாம்பல் நிறப் பாறை ஒன்றை ஓரத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். குறிஞ்சிக்கு இன்னும் நாளிருக்கிறது. அதன் உறவுச் செடிகள் வேறு வேறு ஆண்டுக் கணக்கில் உங்கள் மலையிலும் என் மலையிலும் பூத்துக்கொண்டுதான் இருக்கின்றன, அவற்றில் பழகுங்கள். ரோஜா நிறத்தில் வந்த உங்கள் பூங்கொடி ஸ்லைடை எறிந்துவிடாதீர்கள். கொடைக்கானலுக்கு வரும்போது கொண்டுவாருங்கள். என்னிடம் ஒரு லைட் பாக்ஸ் இருக்கிறது, என் எழுபத்திரண்டின் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

அதற்குமுன் அந்த லேபுக்கு இன்னொரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள். சென்னைக் கடித உறையின் பின்புறம் இருந்த முகவரிக்கு நானும் சென்ற வாரம் ஒரு கடிதம் போட்டேன். பாறை சாம்பலாகத்தான் இருந்தது என்று எழுதினேன். பதில் வரவில்லை, பெறுபவர் இல்லை என்று தபால்காரர் திருப்பிக் கொண்டுவரவும் இல்லை.

அன்புடன்,
கொடைக்கானலிலிருந்து