வாசகர் கேள்வி - பதில்: ஹெவிவெயிட்டில் உடம்பு பெரிதா?

கேள்வி (திண்டுக்கல் வாசகர்): உக்ரைனின் ஒலெக்சாண்டர் உசிக், தம்மைவிட மிகப் பெரிய உடல்வாகு கொண்ட டைசன் ஃபியூரியை இரண்டு முறை வென்றுவிட்டார். மேல் வரம்பே இல்லாத மிகக் கனத்த எடைப் பிரிவான ஹெவிவெயிட் குத்துச்சண்டையில் இன்று உடல் அளவுதான் வெற்றியைத் தீர்மானிக்கிறது என்ற பேச்சு இத்துடன் பொய்யாகிவிட்டது அல்லவா?

பதில்: அவ்வளவு விரைவாகத் தீர்ப்புச் சொல்லிவிட முடியாது. 2024 மே மாதம் ரியாத்தில் நடந்த முதல் சண்டைக்கு உசிக் சுமார் 101 கிலோ எடையுடனும், ஃபியூரி சுமார் 119 கிலோ எடையுடனும் வந்தார்கள். அதே ஆண்டு டிசம்பரில் நடந்த மறு சண்டையில் இடைவெளி இன்னும் பெருகி, 102.5 கிலோவுக்கு எதிரே 127.5 கிலோ நின்றது. முதல் சண்டையில் புள்ளி நடுவர்களில் இருவர் உசிக்குக்கும் ஒருவர் ஃபியூரிக்கும் ஆதரவாகத் தீர்ப்பளித்தனர். இரண்டாவதில் மூவருமே 116-112 என்று உசிக் பக்கம் எழுதினர். கடுகு சிறுத்தாலும் காரம் போகாது என்று சொல்லிப் பூரித்துக்கொள்ளலாம்தான். ஆனால் உசிக் கடுகு அல்லர். அவருடைய உயரம் 191 சென்டிமீட்டர். முகமது அலியின் உயரமும் ஏறக்குறைய அதுதான். 206 சென்டிமீட்டர் உயரமுள்ள ஃபியூரியின் பக்கத்தில் நிற்பதால்தான் அவர் சிறியவராகத் தெரிகிறார். உண்மையிலேயே சிறிய ஹெவிவெயிட் சாம்பியன் என்றால் 49 சண்டைகளிலும் தோற்காமல் ஓய்வு பெற்ற ராக்கி மார்சியானோவைத்தான் சொல்ல வேண்டும். ஏறத்தாழ 84 கிலோ எடையுள்ள அவர் இன்று இருந்தால், 90.7 கிலோ வரம்புள்ள குரூசர்வெயிட் பிரிவில்தான் ஆடியிருப்பார்.

ஆகவே என் கருத்து இது: ஏறக்குறைய 100 கிலோ என்ற அளவை எட்டிய ஒருவருக்கு, எந்த எதிரியையும் வீழ்த்தப் போதுமான குத்துவலு கிடைத்துவிடுகிறது, அதற்கு மேல் ஏறும் ஒவ்வொரு கிலோவும் வலுவைக் கூட்டுவதைவிடச் சுமையைத்தான் அதிகம் கூட்டுகிறது. 2018 டிசம்பரில் லாஸ் ஏஞ்சலிஸில் அமெரிக்காவின் டியான்டே வைல்டர் 96 கிலோவுக்குச் சற்றே கூடிய எடையுடன், 116 கிலோ ஃபியூரியை ஒன்பதாம் சுற்றிலும் பன்னிரண்டாம் சுற்றிலும் தரையில் சாய்த்தார். உடல் அளவே குத்துவலு என்றால் இது நடந்திருக்கக் கூடாது. அந்தச் சண்டை சமநிலையில் முடிந்தது.

ஆனால் 2020 பிப்ரவரியில் லாஸ் வேகஸில் நடந்த மறு சண்டைக்கு ஃபியூரி ஏறத்தாழ 124 கிலோவாக ஏறி வந்தார். அந்த எடையை அவர் குத்துவதற்கு மட்டும் பயன்படுத்தவில்லை. நெருங்கி வந்த ஒவ்வொரு முறையும் வைல்டரைக் கட்டிப்பிடித்து, கழுத்தின்மேல் சாய்ந்து, தம் உடம்பு முழுவதையும் எதிரியைச் சுமக்க வைத்தார். இருபது கிலோ கூடுதலான ஒருவரைத் தோளில் தாங்கிக்கொண்டு நிற்பவரின் கால்கள் சில சுற்றுகளிலேயே தளர்ந்துவிடும். ஏழாம் சுற்றில் வைல்டரின் தரப்பிலிருந்தே, தோல்வியை ஒப்புக்கொள்ளும் அடையாளமாகத் துண்டை வீசினார்கள். பெரிய உடம்பின் மெய்யான பயன் எட்டி அடிப்பதிலும், இப்படிச் சாய்ந்து களைப்பூட்டுவதிலும்தான் இருக்கிறது.

உசிக் இந்த இரண்டு பயன்களையுமே ஃபியூரிக்குக் கிடைக்காமல் செய்தார். இடக்கை ஆட்டக்காரரான அவர், தம் முன் வலக்காலை ஃபியூரியின் முன் இடக்காலுக்கு வெளிப்புறமாக வைத்து அரையடி அரையடியாக நகர்ந்துகொண்டே இருந்ததால், ஃபியூரி ஒவ்வொரு முறையும் உடம்பைத் திருப்பி மறுபடி நிலைகொள்ள வேண்டியிருந்தது. முதல் சண்டையின் நடுச்சுற்றுகளில் ஃபியூரி கீழிருந்து மேல்நோக்கி வீசிய அப்பர்கட் குத்துகள் நன்றாகவே விழுந்தன; அப்போது பெரியவர்தான் வெல்வார் என்று நானும் நினைத்தேன். எட்டாம் சுற்றில் காற்று மாறியது. ஒன்பதாம் சுற்றில் உசிக்கின் இடக்கைக் குத்துகள் தொடர்ந்து இறங்க, ஃபியூரி கயிற்றில் மோதித் தள்ளாடினார். நடுவர் எண்ணத் தொடங்கினார். சுற்று முடியும் மணி அடித்தது ஃபியூரியின் அதிர்ஷ்டம்.

கேள்வி (கோவை வாசகர்): ஏழடி உயரமுள்ள ரஷ்யாவின் நிகோலாய் வலுயெவ் ஏன் நிலைத்து நிற்கவில்லை? அவரைவிடக் குள்ளமான கிளிச்கோ சகோதரர்கள் மட்டும் எப்படி அத்தனை ஆண்டுகள் ஆண்டார்கள்?

பதில்: இந்தக் கேள்விக்கு இங்கிலாந்தின் டேவிட் ஹே என்ற ஒரே மனிதர் இரண்டு பதில்களைத் தருகிறார். 2009 நவம்பரில் நியூரம்பெர்க்கில், சுமார் 99 கிலோ எடையுள்ள ஹே, 143 கிலோ எடையும் 213 சென்டிமீட்டர் உயரமும் கொண்ட வலுயெவைப் புள்ளிகளில் வென்று பட்டத்தைப் பறித்தார். ஓடி ஓடி ஒன்றிரண்டு குத்துகள் வைத்துவிட்டு விலகுவதே அன்று அவருடைய ஆட்டம். அதற்கு முன்பே, 2007இல், ருஸ்லான் சகாயெவும் வலுயெவைத் தோற்கடித்திருந்தார். பிறகு 2011 ஜூலையில் ஹாம்பர்க்கில் ஹே இதே ஓட்டத்தை 198 சென்டிமீட்டர் உயரமுள்ள விளாடிமிர் கிளிச்கோவிடம் காட்டினார். மூன்று புள்ளி நடுவர்களும் கிளிச்கோவுக்கே வெற்றியைக் கொடுத்தார்கள். ஓடுபவரும் ஒருவரே, ஓட்டமும் ஒன்றே. வேறுபட்டவை எதிரே நின்றவரின் கால்களும் இடக்கையும்.

வலுயெவ் உயரமாக இருந்தார். கிளிச்கோ உயரத்தைப் பயன்படுத்தினார். இடக்கை நேர்க்குத்தால் எதிரியைத் தூரத்திலேயே நிறுத்துவது, அதைத் தாண்டி உள்ளே வந்தால் கட்டிப்பிடித்துச் சாய்வது, விலகியதும் மறுபடி அதே நேர்க்குத்து என்ற இந்த முறையை அவருக்குச் செம்மைப்படுத்தித் தந்தவர் டெட்ராய்ட் நகரின் குரோங்க் பயிற்சிக்கூடத்தை நடத்திய இமானுவேல் ஸ்டீவர்ட். அதற்கு முன்பு 196 சென்டிமீட்டர் உயரமுள்ள லெனாக்ஸ் லூயிஸைத் தயார் செய்தவரும் அவரே. 2002இல் மெம்ஃபிஸில் மைக் டைசனை எட்டாம் சுற்றில் லூயிஸ் வீழ்த்தியது அவருடைய வழிகாட்டலில்தான். ஸ்டீவர்ட் 2012இல் காலமானார். ஆனால் 2020இல் வைல்டர்மேல் சாய்ந்து வென்ற ஃபியூரிக்கு அப்போது பயிற்சியளித்தவர், ஸ்டீவர்ட்டின் உறவினரும் அதே கூடத்தில் வளர்ந்தவருமான ஷுகர்ஹில் ஸ்டீவர்ட். பெரிய உடம்புகளின் காலம் என்று நாம் சொல்லும் காலத்தில் பாதி, டெட்ராய்டின் ஒரு பயிற்சிக்கூடத்தில் கற்றுக்கொடுக்கப்பட்ட வித்தை. பார்ப்பதற்கு அது சலிப்பூட்டும் ஆட்டம் என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். கிளிச்கோவின் சண்டைகள் பலவற்றைக் கொட்டாவியோடுதான் பார்த்து முடித்தேன்.

கேள்வி (சேலம் வாசகி): எடை கூடக்கூட வலுவும் கூடும் என்றுதானே வீரர்கள் சாப்பிட்டு எடை ஏற்றுகிறார்கள்?

பதில்: ஆண்டி ரூயிஸைப் பாருங்கள். 2019 ஜூனில் நியூயார்க்கில், தொப்பையும் 122 கிலோவுமாக வந்து, சிலை போன்ற உடம்புடைய ஆன்டனி ஜோஷுவாவை ஏழாம் சுற்றில் முடித்தார். அவரை வெல்ல வைத்தது கைகளின் வேகமே தவிர எடை அன்று. ஆறு மாதம் கழித்துச் சவூதி அரேபியாவில் நடந்த மறு சண்டைக்கு அவர் ஏறத்தாழ 129 கிலோவாக வந்தார். ஜோஷுவாவோ 108 கிலோவுக்கு இளைத்து வந்து, பன்னிரண்டு சுற்றும் சுற்றிச் சுற்றி ஆடிப் பட்டத்தை மீட்டுக்கொண்டார்.

கேள்வி (தஞ்சாவூர் வாசகர்): அப்படியானால் ஹெவிவெயிட்டை இரண்டாகப் பிரிக்க வேண்டாமா?

பதில்: உலகக் குத்துச்சண்டைக் கவுன்சில் 2020இல் அதைச் செய்துவிட்டது. குரூசர்வெயிட்டுக்கும் ஹெவிவெயிட்டுக்கும் நடுவே, 200 பவுண்டுக்கு மேல் 224 பவுண்டு வரை (90.7 கிலோவிலிருந்து 101.6 கிலோ வரை), பிரிட்ஜர்வெயிட் என்று ஒரு பிரிவை உண்டாக்கினார்கள். பெரியவர்களோடு மோத முடியாத நடுத்தர உடம்புக்காரர்களுக்குப் பாதுகாப்பு என்பது அதன் நோக்கம். 85 கிலோ ஆள் 120 கிலோ ஆளோடு மோதுவதை நான் ஆதரிக்க மாட்டேன். ஆனால் இந்தக் கோடு தவறான இடத்தில் விழுந்திருக்கிறது என்றே நினைக்கிறேன். 2024 மே மாதம் ஃபியூரியைத் தோற்கடித்து, நான்கு பெரிய அமைப்புகளின் உலகப் பட்டங்களையும் ஒன்றாக ஏந்திய இரவில் உசிக்கின் எடை 223.5 பவுண்டு.