அரைவாசியில் விட்டுவிட்டுப் போகிறார்களா?

வெள்ளவத்தையிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: "கொழும்புச் சாப்பாட்டுக் கடைகளைப் பற்றி எழுதுகிறேன். தகவல் எல்லாம் சரி, ஆனால் யாரும் கடைசிவரை வாசிப்பதில்லை. முழுக்கப் பேச்சுத் தமிழுக்கு மாறட்டுமா?"

மாற வேண்டாம். கொழும்பில் யாழ்ப்பாணத்தார், மட்டக்களப்பார், மலையகத்தார், முஸ்லிம்கள் என்று எல்லாரும் வாசிக்கிறார்கள், கட்டுரை முழுக்க யாழ்ப்பாணப் பேச்சில் 'சொல்லுகினம்' என்று எழுதினால் பலருக்கு அது அடுத்த வீட்டுப் பேச்சாகிவிடும். அந்தப் பேச்சைக் கடைக்காரர் வாயில் வையுங்கள், அங்கே அது அழகு.

நீங்கள் அனுப்பிய கட்டுரையின் முதல் வரி இது: "கொட்டாஞ்சேனையில் அமைந்துள்ள மேற்படி உணவகத்தில் சுவையான கொத்து ரொட்டி தயாரிக்கப்பட்டு வழங்கப்படுகிறது." கொத்துகிறவர் எங்கே? 'படுகிறது' வந்ததும் ஆளும் போய்விட்டார், கல்லில் தகடு அடிபடும் அந்தச் சத்தமும் போய்விட்டது. "கொட்டாஞ்சேனையில் ஒருவர் கொத்துப் போடுகிறார், சத்தம் சந்திவரைக்கும் கேட்கும்" என்று எழுதிப்பாருங்கள். இதுவும் எழுத்துத் தமிழ்தான்.

அப்புறம் வாக்கிய நீளம். நீளமாக எழுதலாம், பயப்பட வேண்டாம், எதை வைத்து நீட்டுகிறோம் என்பதுதான் விஷயம். "காலி வீதியில் நீண்டகாலமாக இயங்கிவருகின்ற, அனைவராலும் விரும்பப்படுகின்ற, சுத்தமாகப் பேணப்படுகின்ற கடை" என்று பெயரெச்சங்களை அடுக்கினால், கடை வரும்வரை வாசகர் அத்தனையையும் தலையில் சுமக்க வேண்டும். வினையெச்சம் அப்படியில்லை: "100ஆம் இலக்க பஸ்ஸில் வந்து, சந்தையடியில் இறங்கி, வெயிலில் நடந்து, கடைக்குள் போய் உட்கார்ந்து ஒரு பிளேன்டீ சொன்னோம்" என்றால் அவரும் கூடவே நடந்து வந்து உட்கார்ந்துவிடுகிறார்.

சொற்களில் ஒன்றே ஒன்று. வீட்டில் கதிரை, பாண் என்கிற நீங்கள் எழுதும்போது நாற்காலி, ரொட்டி என்கிறீர்கள். கதிரையும் பாணும் 1505இல் போர்த்துக்கேயர் வந்த பிறகு நம் வாயில் ஏறிய சொற்கள், இத்தனை தலைமுறை புழங்கியபின் நமக்கு என்ன கூச்சம்? பாணைச் சம்பலோடு சாப்பிட்டோம் என்றால் சென்னையில் இருக்கிறவருக்கும் விளங்கும்.

கொத்துக் கட்டுரையின் முதல் பந்தியை மட்டும், ஊரில் இருக்கும் தங்கச்சிக்குச் சொல்வதாக நினைத்துத் திரும்ப எழுதி அனுப்புங்கள், பார்த்துச் சொல்கிறேன்.