கேள்வி உங்களுடையது, எழுத்து கீழே ஓடும்

(தமிழ்ப் படங்களுக்கு 22 ஆண்டுகள் மலாய் சப்டைட்டில் எழுதிவிட்டு, இப்போது கோலாலம்பூர் செந்தூலில் ஓய்வாக இருப்பவர் பதில் சொல்கிறார்.)

ஐயா, படத்தில் மூச்சுவிடாமல் பேசுகிறார்கள், கீழே மலாயில் ஒரே ஒரு வரி. மீதி எங்கே போனது? சோம்பேறித்தனம்தானே?
— வாசகி, ஈப்போ

சோம்பேறித்தனமும் உண்டும்மா, மறைக்க மாட்டேன். ஆனால் கணக்கையும் கேளுங்கள். ஒரு நேரத்தில் இரண்டு வரிதான் போடலாம். வரிக்கு நாற்பது எழுத்து வந்தாலே கண் திணறும். ஆறேழு வினாடிக்கு மேல் நிற்கவும் கூடாது. பார்க்கிறவர் நடிகரின் முகத்தையும் பார்க்க வேண்டாமா? வடிவேலு புலம்ப ஆரம்பித்தால் அந்த ஆறு வினாடியில் இருபது, முப்பது வார்த்தை ஓடிவிடும். என் கையில் இருப்பதோ பத்து. எந்த இருபதைத் தூக்கிப் போடுவது என்பதுதான் இந்த வேலையே.

முறை வைத்துக் கூப்பிடுவது இன்னொரு தலைவலி. என் முதல் படத்தில் கதாநாயகி காதலனை ‘மாமா’ என்று கூப்பிடுவாள். அகராதியைப் பார்த்து நானும் பயபக்தியோடு ‘பாக்சிக்’ என்று எழுதிவிட்டேன். கொலிசியம் தியேட்டரில் போய்ப் பார்த்தேன். எனக்கு முன்னால் மூன்று மலாய்ப் பையன்கள், மடியில் கச்சான் கடலைப் பொட்டலம். திரையில் அவள் அவன் மார்பில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டு, “பாக்சிக்…” ஒருவன் “ஆலாமாக்!” என்று தலையில் கை வைத்துக்கொண்டான். மற்ற இரண்டு பேருக்கும் இடைவேளை வரை சிரிப்பு அடங்கவில்லை. மலாயில் பாக்சிக் என்றால் சித்தப்பா, பெரியப்பா வயதுக்காரர்! அன்றிலிருந்து என் படங்களில் மாமா, அத்தான் எல்லோரும் ‘அபாங்’ ஆனார்கள். அதற்கு அண்ணன் என்றும் பொருள்தான். ஆனால் மலாய்க்கார மனைவி கணவனைக் கூப்பிடுவதும் அப்படித்தானே, தப்பித்தேன்.

‘டா’வுக்கும் ‘டி’க்கும் 22 ஆண்டும் வழி தெரியவில்லை. விட்டுவிட்டேன்.

ரஜினியா, கமலா? நழுவக் கூடாது.
— வாசகர், கிள்ளான்

தொழிலுக்கு ரஜினி. ஐந்து வார்த்தையில் பஞ்ச் முடிந்துவிடும், அப்புறம் நடப்பார். நடைக்கு சப்டைட்டில் வேண்டாம். கமலும் கிரேசி மோகனும் சேர்ந்த ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) மாதிரி ஒன்றைக் கொடுத்து மலாயில் எழுதச் சொன்னால் பேனாவை வைத்துவிட்டு நாசி லெமாக் விற்கப் போயிருப்பேன். வீட்டில் டிவி முன்னால் உட்கார்ந்தால் கமல்தான்.

‘கபாலி’ நம்ம கதை என்கிறார்கள். உங்களுக்குப் பிடித்ததா, அண்ணே?
— வாசகர், பத்துமலை

பிடித்தது. தோட்டத்துத் தமிழனின் கோபத்தை, இவ்வளவு பெரிய நடிகரை வைத்துச் சொல்ல 2016இல் பா. ரஞ்சித் வந்தாரே, அதற்காகவே இரண்டு முறை பார்த்தேன். குறை ஒன்றுதான், பேச்சு. நம்ம பையன் ஒரு வாக்கியம் பேசினால் மலாய் இரண்டு, இங்கிலீஷ் ஒன்று, கடைசியில் ஒரு ‘லா’. அந்தக் கலவை படத்தில் என் காதுக்குப் போதவில்லை.

முடிவைக் கவனித்தீர்களா? தமிழ்நாட்டில் துப்பாக்கிச் சத்தத்தோடு திரை இருண்டுவிடும், மற்றதை நீங்களே யோசித்துக்கொள்ள வேண்டியதுதான். இங்கே ஓடிய படத்தில், கபாலி போலீசில் சரணடைந்ததாக ஒரு வரி போட்டுவிட்டார்கள். ஒரே வரி, கதையே வேறாகிவிட்டது. “சும்மா எழுத்துதானே, இதற்குப் போய் ராத்திரியெல்லாம் கண் விழிப்பதா” என்று என்னைக் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரி அன்று ஒன்றும் பேசவில்லை.

மலேசியா வாசுதேவனுக்குப் பெயரில் மட்டும்தான் மலேசியாவா?
— வாசகி, பட்டர்வொர்த்

இங்கேயே பிறந்தவர். சென்னைக்குப் போய், ‘பதினாறு வயதினிலே’யில் (1977) பாடியே ஆட்டுக்குட்டியை முட்டையிட வைத்தார். ‘முரட்டுக்காளை’யில் ரஜினிக்கு ஆர்ப்பாட்டமாகப் பாடிய அதே தொண்டைதான் ‘முதல் மரியாதை’யில் சிவாஜிக்காக அப்படிக் குழைந்தது. 2011இல் காலமாகிவிட்டார்.

முதல் நாள் முதல் காட்சியில் விசில் அடிக்கலாமா?
— வாசகர், செலாயாங்

அடியுங்கள். கைப்பேசியை மட்டும் தூக்கிப் பிடிக்காதீர்கள்.

உள்ளூர்த் தமிழ்ப் படத்துக்கு ஏன் கூட்டமே வருவதில்லை?
— வாசகர், தைப்பிங்

நீங்கள் கடைசியாக எதைப் பார்த்தீர்கள் என்று எழுதவில்லையே! ‘ஜகாட்’ (2015) பார்த்தீர்களா? சஞ்சய் குமார் பெருமாள் எடுத்தது. தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பம், 90களின் தொடக்கம், ஒரு பள்ளிக்கூடப் பையன். தலைப்பே நம்ம வாய்ச்சொல். கெட்டது என்று பொருள்படும் மலாய் ‘ஜாஹாட்’ நம்மிடம் வந்து ஜகாட் ஆகிவிட்டது. அடங்காத பிள்ளையை எந்த அம்மாதான் அப்படித் திட்டவில்லை? 2016 மலேசியத் திரைப்பட விழாவில் சிறந்த மலேசியப் படம் என்ற விருதும் அதற்குத்தான்.

படம் வியாழக்கிழமை வரும். ஞாயிறுக்குள் ஆள் வராவிட்டால் திங்கள் முதல் வேலை நேரத்துக் காட்சிக்குத் தள்ளிவிடுவார்கள். அடுத்த வியாழன் சென்னையிலிருந்து ஒரு பெரிய நடிகர் வந்து இறங்கினால் அதுவும் போச்சு. “நல்லா இருக்காம், அப்புறம் பார்க்கலாம்” என்கிறோமே, அந்த அப்புறத்தில் படம் இருக்காது.

இப்போதும் சப்டைட்டிலைப் படிப்பீர்களா?
— வாசகி, சிரம்பான்

அந்த வியாதி தீராது. அண்மையில் மகளோடு ஒரு படத்துக்குப் போனேன். உச்சக்கட்டம். “என் தலையே போனாலும்” என்று கதாநாயகன் முழங்குகிறான். கீழே ‘கெபாலா’ வரவேண்டிய இடத்தில் ‘கெலாபா’. தலைக்குப் பதில் தேங்காய்! யாராவது கவனித்தார்களா என்று எழுந்து நின்று பின்வரிசையைப் பார்த்தேன். மகள் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தாள். படம் எப்படி முடிந்தது என்பதை வரும் வழியில் காரில் அவளிடம்தான் கேட்டேன்.