200 வாங்கினாலும் சென்டம்தான்

கேள்வி: எங்கள் காலத்தில் கணக்கில் 60 மார்க் எடுத்தாலே ஊரில் பேச்சாக இருக்கும். இப்போது எந்தப் பள்ளி வாசலைப் பார்த்தாலும் சென்டம் பேனர். வருஷா வருஷம் கேள்வித்தாளை எளிதாக்கிக்கொண்டே போகிறார்களா?
— வாசகர் ஒருவர், கோவில்பட்டி

பதில்: நீங்கள் எழுதியிருக்கும் ‘சென்டம்’ என்ற சொல்லைப் பாருங்கள். லத்தீனில் அதற்கு நூறு என்று பொருள். பிளஸ் டூவில் பாடத்துக்கு 200 மதிப்பெண் இருந்தபோதும், 200 வாங்கிய பிள்ளையைச் சென்டம் என்றுதான் சொன்னோம். 2019 பொதுத்தேர்வில் மொத்தம் 1200 போய் 600 வந்தது. அளவு பாதியானது, சொல் மாறவில்லை. நம் ஊரில் சென்டம் என்றால் இதற்கு மேல் போட மார்க் இல்லை என்று அர்த்தம். படியில் ஒன்றரைப் படி நெல்லைக் கொட்டினாலும் படி அளந்து காட்டுவது ஒரு படிதான். மீதி தரையில் சிந்திவிடும்.

அதனால் சென்டங்களை எண்ணி, தாள் எளிதாகிறதா கடினமாகிறதா என்று சொல்ல முடியாது. பிளஸ் டூ இயற்பியலில் 2014இல் 2,710 பேர் 200க்கு 200 எடுத்தார்கள். 2015இல் 124 பேர். 2016இல் ஐந்தே பேர். அதே 2015இல் கணிதத்தில் 9,710 பேர். முந்தைய ஆண்டு 3,882 பேர்தான். சமீபத்துக் கணக்கும் இப்படித்தான். வேதியியல் சென்டம் 2024இல் 471, 2025இல் 3,181. அதே ஓராண்டில் விலங்கியல் 382இலிருந்து 36க்கு இறங்கியது. ஒரே வருஷத்தில் பிள்ளைகள் வேதியியலில் மேதைகளாகி விலங்கியலில் மக்காகிவிட்டார்களா? தாள் ஆடுகிறது. ஒரு வருஷம் இந்தப் பக்கம், அடுத்த வருஷம் அந்தப் பக்கம். அந்த ஆட்டத்தில் மாட்டிய பிள்ளைக்கு யாரும் ஈடு செய்வதில்லை. எனக்கு ஆத்திரம் அங்கேதான்.

தாளின் கட்டமைப்பைப் பார்த்தால் இன்னும் தெளியும். பழைய கணிதத் தாளில் ஒரு மார்க் வினா 40, ஆறு மார்க் 10, பத்து மார்க் 10. எந்தப் பாடத்திலிருந்து எத்தனை வினா வரும் என்று புளூபிரிண்ட் சொல்லிவிடும். அதை வைத்துக்கொண்டு முழுசாகச் சில பாடங்களையே ஒதுக்கிவிட்டுப் போகலாம். இன்றைய தாள் 90 மார்க்குக்கு: ஒரு மார்க் 20, இரண்டு மார்க்கில் பத்துக்கு ஏழு, மூன்று மார்க்கில் பத்துக்கு ஏழு, ஐந்து மார்க்கில் ‘அல்லது’ போட்ட ஏழு. புளூபிரிண்ட் கிடையாது. 30ஆம், 40ஆம் வினாக்கள் கட்டாயம். புத்தகமும் கனத்துவிட்டது. 2019இல் வந்த பிளஸ் டூ கணிதத்தில் சமன்பாட்டியலும் நேர்மாறு முக்கோணவியல் சார்புகளும் புதிதாகச் சேர்ந்தன. பழைய பிளஸ் டூ புத்தகத்தில் அந்த இரண்டு பாடங்களும் இல்லை. தாளை மட்டும் வைத்துப் பார்த்தால், உங்கள் கேள்விக்கு என் பதில் ‘இல்லை’.

அப்புறம் எது எளிது? புக் பேக் கணக்கை எண்கூட மாற்றாமல் கேட்பது. இரண்டு சமன்பாடுகளைச் சேர்த்துத் தீர்க்கும் கிராமரின் விதியை எடுத்துக்கொள்ளுங்கள். 2x + 3y = 12, x − y = 1. டெல்டா, அதாவது x, y முன்னால் இருக்கும் எண்களின் அணிக்கோவை, மைனஸ் 5. விடை x = 3, y = 2. பத்து முறை எழுதிப் பார்த்த பிள்ளைக்குக் கை தானாக ஓடும். இப்போது 12ஐ மட்டும் 13 ஆக்குங்கள். டெல்டா அதே மைனஸ் 5. படிகளும் அவையே. விடை மட்டும் x = 16/5, y = 11/5. பின்னம் வந்ததும், தான் செய்ததே தப்பு என்று பிள்ளை நினைத்துவிடும். அடித்துவிட்டு மறுபடி ஆரம்பிக்கும். பத்து நிமிஷம் போய்விடும், கடைசி ஐந்து மார்க் கணக்குக்கு நேரம் இருக்காது. வெளியே வந்து ‘பேப்பர் ரொம்ப டஃப்’ என்று சொல்லும். மாறியது ஒரே ஒரு எண்.

இங்கிலாந்தில் 2017 முதல் தேசிய அளவில் ஒரு சோதனை நடத்துகிறார்கள். மாதிரிக்குத் தேர்ந்தெடுத்த பள்ளிகளில், பத்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளுக்கு ஆங்கிலத்திலும் கணிதத்திலும் வருஷா வருஷம் அதே வினாக்கள். வினாக்களை வெளியே விடுவதில்லை. மாணவர் தரம் ஏறியதா, தாள் இளகியதா என்று பிரித்துச் சொல்ல அது உதவுகிறது. நம்மூரில் இதைச் செய்யப் பெரிய செலவில்லை. சில நூறு பள்ளிகளும், வெளியே போகாத முப்பது வினாக்களும் போதும். செய்யாததால் என்ன ஆகிறது? பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200: கணிதத்துக்கு 100, இயற்பியலுக்கும் வேதியியலுக்கும் ஐம்பது ஐம்பது. தாள் இளகிய வருஷத்தில் ஒரே கட்-ஆஃபில் பலர் நின்றால் கணித மார்க், இயற்பியல் மார்க் என்று பார்த்துக்கொண்டே போய், கடைசியில் பிறந்த தேதிக்கும் ரேண்டம் எண்ணுக்கும் வந்துவிடுகிறார்கள். பன்னிரண்டு வருஷப் படிப்புக்குப் பிறகு, பிள்ளை எந்த நாளில் பிறந்தது என்று பார்த்து வரிசை போடுகிறோம்.

இந்தப் பக்கத்தில் பலமுறை எழுதியதுதான், மறுபடியும் எழுதுகிறேன்: பிளஸ் ஒன் பாடம். அதை நடத்தாமல் இரண்டு வருஷமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்த பள்ளிகளைத் தடுக்கத்தான் 2018 மார்ச்சில் பிளஸ் ஒன் பொதுத்தேர்வு வந்தது. 2025-26 கல்வியாண்டில் அதை எடுத்துவிட்டார்கள். பிள்ளைகளின் சுமை குறைந்தது உண்மை. ஆனால் ஜேஇஇ, நீட் தேர்வுகளில் கிட்டத்தட்டப் பாதி பிளஸ் ஒன் பாடம். வீட்டில் பிளஸ் ஒன் படிக்கும் பேரனோ பேத்தியோ இருந்தால், ஜனவரி மாசம் கணக்கு நோட்டை வாங்கிப் பாருங்கள். எல்லை, வகையிடல், தொகையிடல், அதாவது 9, 10, 11ஆம் பாடங்கள், அதில் இருக்கின்றனவா? இல்லை, பிளஸ் டூ அணிக்கோவை அதற்குள் தொடங்கிவிட்டதா? தொடங்கியிருந்தால் மறுநாளே பள்ளிக்குப் போய்க் கேளுங்கள்.