திருமணமான புதிதில் கணவன் மனைவி சேர்ந்து வெளியே போய்ச் செய்ய சென்னையில் என்ன இருக்கிறது?

கேள்வி கேட்டவர், கல்யாணமாகி ஒரு வருடம் ஆகிறது, ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஆளுக்கொரு செல்போனோடு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்துவிடுகிறோம், இருவருக்கும் பொதுவாகப் பிடித்தது என்று ஒன்றுமே இல்லை என்று எழுதியிருக்கிறார். எங்களுக்கும் முதல் எட்டு, ஒன்பது மாதம் அப்படித்தான் போனது. அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

எங்களுடையது பெரியவர்கள் பார்த்து முடித்த திருமணம், 2022 பிப்ரவரியில். நான் திருவான்மியூரில் பிறந்து வளர்ந்தவள். அவருக்கு நாங்குநேரிப் பக்கம். குடித்தனம் வைத்தது மேடவாக்கத்தில். ஞாயிறு என்றால் மால், ஒரு படம், ஓட்டல் சாப்பாடு, வீடு. செலவுதான் ஆனதே தவிர, இரண்டு பேரும் ஒருவரைப் பற்றி ஒருவர் புதிதாக எதையும் தெரிந்துகொண்டதாக நினைவில்லை.

அந்த வருடம் நவம்பரில் ஒரு நிச்சயதார்த்தத்துக்காக வேளச்சேரிக்கு ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்தோம். பள்ளிக்கரணை சதுப்பு நிலம் வந்ததும் அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டார். பட்டுப்புடவையோடு நான் பின்னால் உட்கார்ந்திருக்கிறேன், அவர் பாட்டுக்கு இறங்கிப் போய்க் கோரைப்புல்லைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார். "எங்க ஆச்சி ஊரு மாதிரியே இருக்கு" என்றார். பிறகு விரலை நீட்டி ஒவ்வொன்றாகக் காட்ட ஆரம்பித்தார். ஊதா நிறத்தில் சிவந்த அலகோடு நடந்தது நீலத் தாழைக்கோழி. குச்சி போன்ற சிவப்புக் கால்களோடு நின்றது நெடுங்கால் உள்ளான். முங்கி முங்கி வேறு இடத்தில் எழுந்தது முக்குளிப்பான். ஆறு வருடமாக அந்தச் சாலையில் வேலைக்குப் போய் வந்தவள் நான். பெருங்குடிக் குப்பைக் கிடங்கின் வாடைக்காக மூக்கைப் பொத்திக்கொண்டு கடந்துபோன இடம், அவ்வளவுதான். அந்த வருடம்தான் பள்ளிக்கரணைக்கு, உலக அளவில் முக்கியமான சதுப்பு நிலங்களுக்குத் தரும் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது என்பதுகூட எனக்குத் தெரியாது.

அவருடைய ஆச்சி வீடு கூந்தன்குளத்தில். திருநெல்வேலி மாவட்டத்தில் இருக்கும் பறவைகள் சரணாலயம் அது. ஊருக்குள்ளேயே, வீட்டு வாசல் வேப்பமரத்திலும் புளியமரத்திலும் நாரைகளும் கூழைக்கடாக்களும் கூடு கட்டும். முற்றமெல்லாம் எச்சமாக இருந்தாலும் யாரும் விரட்ட மாட்டார்கள், பறவை வந்தால் அந்த வருடம் தண்ணீர் இருக்கும், விளையும் என்று நம்பிக்கை. மரத்திலிருந்து விழுந்த குஞ்சை எடுத்து மீன் கொடுத்து வளர்த்த கதையை அன்றைக்குத்தான் சொன்னார். ஒன்பது மாதம் ஒரே வீட்டில் இருந்திருக்கிறோம், இந்தக் கதை வெளியே வர ஒரு சதுப்பு நிலம் தேவைப்பட்டது. நிச்சயதார்த்தத்துக்குப் போய்ச் சேரும்போது தட்டு மாற்றி முடித்துவிட்டார்கள்.

அதற்கடுத்த மாதம் 8x42 பைனாகுலர் ஒன்று வாங்கினோம். முதலில் வரும் எண் எத்தனை மடங்கு பெரிதாகக் காட்டும் என்பது, அடுத்தது முன்பக்கக் கண்ணாடியின் விட்டம் மில்லிமீட்டரில். புதிதாக வாங்குபவர்களுக்கு இந்த அளவே போதும். இதைவிடப் பெரிதாகக் காட்டுவதை வாங்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெரிதாகத் தெரியும். இரண்டு வாங்கக் கட்டுப்படியாகவில்லை, ஒன்றைத்தான் மாற்றி மாற்றிப் பார்த்தோம். அதில் ஒரு சிக்கல். அவருக்கு வலது கண்ணில் பவர், எனக்குக் கிடையாது. பைனாகுலரின் வலது கண் பக்கம் ஒரு சின்ன வளையம் இருக்கும், அதை அவரவர் கண்ணுக்குத் தக்கபடி திருப்பிக்கொள்ள வேண்டும். அவர் பார்த்துவிட்டுக் கொடுத்தால் எனக்கு எல்லாம் மங்கல். நான் சரிசெய்து முடிப்பதற்குள் பறவை பறந்துவிடும், அதற்கு ஒரு மனத்தாங்கல் வரும். ஒருநாள் அந்த வளையத்தில் நெயில் பாலிஷால் இரண்டு புள்ளி வைத்தேன். சிவப்பு எனக்கு, ரோஸ் அவருக்கு. கொடுக்கும்போதே அடுத்தவர் புள்ளிக்குத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும். இன்றைக்கும் அந்தப் பழக்கம் இருக்கிறது.

பறவை விஷயத்தில் அவர் சொல்லிக் கொடுப்பவர், நான் கற்றுக்கொள்பவள். எனக்கு அது பிடித்திருந்தது, ஆனால் அது அவருடைய உலகம். என்னுடையதை அவருக்குக் காட்ட வேண்டும் என்று இருந்தது.

என்னுடையது கடல். கல்லூரியில் படிக்கும்போது நான் இரண்டு வருடம் ஆமை நடைக்குப் போயிருக்கிறேன். ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் முட்டையிட நம் கரைக்கு வரும். ஸ்டூடண்ட்ஸ் சீ டர்ட்டில் கன்சர்வேஷன் நெட்வொர்க் என்ற மாணவர் அமைப்பு 1988-லிருந்து நீலாங்கரைக்கும் பெசன்ட் நகருக்கும் இடையே இரவு முழுக்க நடந்து முட்டைகளைத் தேடி எடுக்கிறது. வார இறுதிகளில் பொதுமக்களையும் அழைத்துப் போவார்கள். 2023 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை இரவு அவரைக் கூட்டிக்கொண்டு போனேன்.

டார்ச் அடிக்கக் கூடாது, போனில் பிளாஷ் கூடாது, சத்தமாகப் பேசக் கூடாது. கடல் ஓரமாகவே, ஈர மணலில், ஏழு கிலோமீட்டர் அளவுக்கு நடை. அவருக்கு மணலில் நடந்து பழக்கமில்லை, கொட்டிவாக்கம் தாண்டுவதற்குள் கெண்டைக்கால் இழுத்துக்கொண்டது. செருப்பைக் கழற்றிவிட்டு அலை வந்து போன இடத்தில் நடக்கச் சொன்னேன், அங்கேதான் மணல் இறுகி இருக்கும். பாலவாக்கத்தில் நான் சின்ன வயதில் அப்பாவோடு விடியற்காலை வந்து கரைவலை இழுப்பதைப் பார்த்த இடத்தைக் காட்டவில்லையே என்று அப்போதுதான் நினைவு வந்தது, திரும்பிக் கைகாட்டினேன்.

திருவான்மியூர் வரும்போது மணி இரண்டு இருக்கும். மணலில் டிராக்டர் டயர் ஏறி இறங்கினதுபோல ஒரு தடம். கடலிலிருந்து மேலே போய், வளைந்து, திரும்பவும் கடலுக்கே இறங்கியிருந்தது. ஆமை முட்டையிட்டு, குழியை மூடி, இடம் தெரியாதபடி மேலே மணலை வாரி இறைத்துவிட்டுப் போய்விட்டிருக்கிறது. தன்னார்வலர் ஒருவர் குச்சியால் மெல்லக் குத்திக்குத்திப் பார்த்து, மணல் இளகிய இடத்தைக் கண்டுபிடித்தார். ஒன்றரை அடி ஆழம். உள்ளே பிங்பாங் பந்துபோல வெள்ளை வெள்ளையாக முட்டைகள், மொத்தம் நூற்றுப் பதினேழு. எண்ணும் பொறுப்பை என் கணவரிடம் கொடுத்தார்கள். ஒவ்வொன்றையும் அவர் இரண்டு கையாலும் வாங்கித் துணிப்பையில் வைத்ததை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். பெசன்ட் நகர் பொரிப்பகத்தில் அதே ஆழத்துக்குக் குழி எடுத்துப் புதைத்தபோது விடிந்துகொண்டிருந்தது.

ஏன் எடுத்துப் புதைக்க வேண்டும் என்று கேட்பீர்கள். குஞ்சு பொரிய ஏறக்குறைய 45 முதல் 60 நாள் ஆகும். அதுவரை நாய் தோண்டாமல் இருக்க வேண்டும். இரவில் வெளியே வரும் குஞ்சு எது வெளிச்சமாக இருக்கிறதோ அந்தப் பக்கம் போகும். முன்பு வெளிச்சம் என்றால் கடல்தான். இப்போது கரையோரத் தெருவிளக்குகள் இருக்கின்றன, குஞ்சுகள் சாலைக்கு வந்துவிடும். மணலின் சூட்டைப் பொறுத்துத்தான் குஞ்சு ஆணா பெண்ணா என்பதே முடிவாகும், சூடு கூடினால் பெண். ஏப்ரலில் குஞ்சுகளைக் கடலில் விடும்போதும் போனோம். அது பத்து நிமிட வேலை, ஆனால் அவர் முகத்தை அன்று பார்த்த மாதிரி நான் வேறெப்போதும் பார்த்ததில்லை.

அப்புறம் எங்கள் இருவருக்குமே தெரியாத ஒன்றில் இறங்கினோம், அங்கேதான் அடிபட்டோம். அதே 2023 ஏப்ரல் கடைசியில், பூண்டிக்குப் பக்கத்தில் உள்ள குடியம் குகைக்குப் போவோம் என்று கிளம்பினோம். அல்லிக்குழிக் காட்டுக்குள் இருக்கும் பாறைக் குகை. கற்கால மனிதர்கள் தங்கிய இடம். ராபர்ட் புரூஸ் ஃபூட் என்ற ஆங்கிலேய நிலவியல் ஆய்வாளர் 1863-இல் பல்லாவரத்தில் கற்கோடாரியைக் கண்டெடுத்து, அதே வருடம் இதற்குப் பக்கத்திலேயே அதிரம்பாக்கத்திலும் கருவிகளைக் கண்டார். படிக்கப் படிக்க ஆசை. வனத்துறையிடம் கேட்கவில்லை, ஊர்க்காரர் யாரையும் துணைக்குக் கூப்பிடவில்லை. காலை பத்து மணிக்கு நடக்க ஆரம்பித்தோம், இரண்டு பேருக்கும் சேர்த்து ஒன்றரை லிட்டர் தண்ணீர்.

முக்கால் மணி நேரத்தில் தண்ணீர் தீர்ந்தது. புதர்க்காடு, தலைக்கு மேல் நிழலே கிடையாது, கீழே கூழாங்கல்லிலிருந்து சூடு எழும்புகிறது. அவர் பேச்சைக் குறைத்துக்கொண்டார். களைப்பு என்று நினைத்தேன். திடீரென்று உட்கார்ந்துவிட்டார், தலை சுற்றுகிறது என்றார், கையைத் தொட்டால் சில்லென்று வியர்த்திருந்தது. எனக்குப் பயத்தில் அழுகை வந்துவிட்டது. என் துப்பட்டாவைக் குச்சியில் கட்டி நிழல் செய்து, சட்டையைத் தளர்த்தி, படுக்க வைத்துக் காலை உயர்த்தினேன். ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஓர் அம்மா தூரத்திலிருந்து பார்த்துவிட்டு வந்தார். தூக்குவாளியில் அவர் சாப்பிட வைத்திருந்த நீராகாரம், உப்புப் போட்டது. அதை அப்படியே கொடுத்தார். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்து அரைமணி நேரத்தில் அவர் எழுந்து உட்கார்ந்தார். "இந்த வெயில்ல எதுக்குமா புருஷனக் கூட்டிக்கிட்டு வந்த, மார்கழில வரக் கூடாதா" என்றார் அந்த அம்மா. பணம் கொடுத்தோம், வாங்கவில்லை. ஒற்றையடிப் பாதை வரை கூடவே வந்து விட்டுப் போனார்.

குகையைப் பார்க்காமலே திரும்பினோம். வீட்டுக்கு வந்து இரண்டு நாள் பெரிய சண்டை. தண்ணீர் போதாது என்று நான் சொன்னேன், அவர் கேட்கவில்லை என்பது என் பக்கம். தலை சுற்ற ஆரம்பித்த உடனே அவர் சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய கோபம். "நீ நல்லா நடந்துக்கிட்டு இருந்த, அதக் கெடுக்க வேண்டாம்னு நெனச்சேன்" என்றார். அன்றிலிருந்து எங்களுக்குள் ஒரு ஏற்பாடு. இரண்டு பேரில் யார் திரும்பலாம் என்றாலும் திரும்பிவிட வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர், உப்பு சர்க்கரைக் கரைசல் பாக்கெட், வெயில் ஏறுவதற்குள் நிழலுக்கு வந்துவிட வேண்டும்.

2024 அக்டோபரில் தமிழக அரசு 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 மலையேற்றப் பாதைகளை இணையத்தில் முன்பதிவு செய்யும்படி திறந்தது. அதில் குடியமும் இருந்தது. 2025 ஜனவரியில், மார்கழி கழிவதற்குள், வழிகாட்டியோடு போனோம். செம்பழுப்புப் பாறை, கூழாங்கற்களைக் குழைத்துச் சுவர் எழுப்பினதுபோல. மேலே மலைத்தேனீக் கூடுகள் தொங்கின, அதனால் கீழே கிசுகிசுத்துத்தான் பேசினோம். அந்த அம்மாவைத் தேடினேன், பார்க்க முடியவில்லை.

அந்த ஜனவரியிலேயே ஒரு துக்கமும் பார்த்தோம். சென்னைக் கரையில் இறந்த ஆமைகள் நூற்றுக்கணக்கில் ஒதுங்கின. ஆமைக்கு மூச்சுவிட மேலே வந்தாக வேண்டும், இழுவலையில் மாட்டினால் வர முடியாது. ஒரே நடையில் ஒன்பது உடல்களைக் கடந்தோம். அவர் ஒவ்வொன்றின் அருகிலும் நின்றுவிட்டுத்தான் வந்தார். வழியெல்லாம் நாங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை, ஆனால் என் கையை விடவும் இல்லை.

சரி, உங்களுக்கு வருகிறேன். பொதுவாகப் பிடித்தது எது என்று தேடாதீர்கள். எங்களுக்கும் அப்படி ஒன்று இருக்கவில்லை. உங்கள் கணவருக்கோ மனைவிக்கோ சின்ன வயதில் எங்கே போனால் நேரம் போவது தெரியாது என்று கேளுங்கள். குளமா, மைதானமா, மொட்டை மாடியா, அங்கே உங்களைக் கூட்டிக்கொண்டு போகச் சொல்லுங்கள். அடுத்த முறை நீங்கள் கூட்டிப்போங்கள்.

உடனே தொடங்க வேண்டும் என்றால், நவம்பர் முதல் பிப்ரவரிக்குள் காலை ஆறு மணிக்குப் பெரும்பாக்கம் ஏரியோ பள்ளிக்கரணையோ போதும், பெரிய செலவு கிடையாது. வேடந்தாங்கலுக்குச் செங்கல்பட்டு தாண்டிப் போக வேண்டும், ஒருநாள் ஒதுக்குங்கள். பழவேற்காட்டில் பூநாரை பார்க்கலாம், ஆனால் யாராவது படகில் கூட்டிப்போகிறேன் என்றால் ஏறாதீர்கள், 2011 கிறிஸ்துமஸ் அன்று படகு கவிழ்ந்து 22 பேர் இறந்த இடம் அது. பொங்கல் நாட்களில் தமிழ்நாடு முழுக்கப் பறவைக் கணக்கெடுப்பு நடக்கும். குறைந்தது பதினைந்து நிமிடம் ஓரிடத்தில் நின்று கண்ணில் பட்டதை எண்ணிப் பதிவு செய்தால் போதும், காக்கை, மைனாவும் கணக்கில் சேரும்.

இந்தப் பொங்கலுக்கு நாங்கள் கூந்தன்குளத்தில் ஆச்சி வீட்டு மாடியில் நின்று எண்ணினோம். அத்தையும் மேலே வந்து பைனாகுலரைக் கேட்டார்கள். அவர்களுக்கு இரண்டு கண்ணிலும் கண்புரை அறுவை முடிந்திருந்தது, எங்கள் இரண்டு புள்ளியும் சரிவரவில்லை. வளையத்தைத் திருப்பித் திருப்பிக் கடைசியில் "இப்ப தெரியுது, மூக்கு மஞ்சளா இருக்கு பாரு" என்றார்கள். அந்த இடத்தில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்தேன்.