அடுக்கு ரோஜா எப்படி அடுக்காயிற்று?

காரைக்குடியில் ரோஜா வளர்ப்போர் கூடிய ஒரு மாலையில், தாவரவியல் கற்பித்து ஓய்வு பெற்ற என்னிடம் கேட்கப்பட்ட கேள்விகளும் நான் சொன்ன பதில்களும் இவை. நேரம் போதாமல் அன்று சுருக்கிச் சொன்ன சிலவற்றை இங்கே விரித்து எழுதியிருக்கிறேன்.

கேள்வி (கானாடுகாத்தானிலிருந்து ஓர் ஆச்சி): கொடைக்கானல் மலைப்பக்கம் காட்டு ரோஜாவைப் பார்த்தேன். வெள்ளையாக, ஐந்தே இதழ்தான் இருந்தது. எங்கள் வளவில் தொட்டியில் நிற்கும் ரோஜாவில் முப்பதுக்கு மேல் எண்ணினேன். கூடுதல் இதழ்கள் எங்கிருந்து வந்தன, டீச்சர்?

பதில்: ஆச்சி, அவை புதிதாக எங்கிருந்தும் வரவில்லை. அவற்றில் பெரும்பாலானவை மகரந்தத்தாள்களாக ஆகியிருக்க வேண்டியவை. நன்றாக விரிந்த ஒரு பூவைக் கையில் எடுத்து, வெளியிலிருந்து ஒவ்வோர் இதழாகப் பிய்த்துக்கொண்டே நடுவுக்குப் போங்கள். நடுவை நெருங்கும்போது, பாதி இதழாகவும் ஓரத்தில் மஞ்சள் மகரந்தப்பை ஒட்டிக்கொண்டும் இருக்கும் சில உங்கள் கண்ணில் படும். மாற்றம் பாதி வழியில் நின்றுபோனவை அவை. அடுக்குச் செம்பருத்தியிலும் இதே காட்சியைப் பார்க்கலாம்.

இதன் காரணம் மொட்டு குண்டூசி முனையைவிடச் சிறிதாக இருக்கும்போதே தீர்மானிக்கப்படுகிறது. முழுமையான ஒரு பூவில் வெளியிலிருந்து உள்ளே நான்கு வட்டங்கள் உண்டு: புல்லி இதழ், அல்லி இதழ், மகரந்தத்தாள், சூலகம். எந்த வட்டத்தில் எது உருவாக வேண்டும் என்பதை மூன்று வகை மரபணுக்கள் கூடித் தீர்மானிக்கின்றன என்று என்ரிக்கோ கோவன், எலியட் மேயரோவிட்ஸ் ஆகிய இருவரும் 1991இல் விளக்கினார்கள். அவர்கள் ஆராய்ந்தவை அரபிடாப்சிஸ் என்னும் சிறு செடியும் ஆன்டிரினம் என்னும் அலங்காரப் பூச்செடியும். ஏ வகை மட்டும் இயங்கும் இடத்தில் புல்லி இதழும், ஏ, பி இரண்டும் சேரும் இடத்தில் அல்லி இதழும், பி, சி சேரும் இடத்தில் மகரந்தத்தாளும், சி மட்டும் இயங்கும் இடத்தில் சூலகமும் உருவாகின்றன. ஏயும் சியும் பங்காளிச் சண்டைக்காரர்களைப் போல, ஒன்று இருக்கும் இடத்தில் மற்றொன்றை நுழையவிடாமல் எல்லை காத்து நிற்பவை.

காட்டு ரோஜாவில் சி வகையைச் சேர்ந்த அகாமஸ் மரபணு மூன்றாவது, நான்காவது வட்டங்கள் முழுவதிலும் இயங்குகிறது. அடுக்கு ரோஜாவில் அதன் எல்லை நடுவை நோக்கிச் சுருங்கிவிட்டது. அது விட்டுப்போன நிலத்தில் ஏயும் பியும் சேர்ந்து இதழ்களை எழுப்பிவிடுகின்றன. பிரான்ஸ் நாட்டு ஆய்வாளர்கள் 2010இல் இதைக் காட்டினார்கள். சீனத்து ரோஜாக்களிலும் ஐரோப்பிய, மத்தியதரைக் கடற்பகுதி ரோஜாக்களிலும் மனிதர்கள் தனித்தனியே அடுக்குப் பூக்களைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனாலும் இரண்டு இடங்களிலும் நிகழ்ந்தது இதே எல்லைச் சுருக்கம்தான் என்பது என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

கேள்வி (தேவகோட்டை, கல்லூரி மாணவி): அந்த எல்லையைச் சுருக்கியது எது, மேடம்?

பதில்: நீ கேட்பதற்கு 2018இல்தான் தெளிவான விடை கிடைத்தது. 'ஓல்ட் பிளஷ்' என்னும் பழைய சீன ரோஜாவின் ஏழு இணை குரோமோசோம்களும் அந்த ஆண்டு முழுமையாகப் படிக்கப்பட்டன. மூன்றாவது குரோமோசோமில் ஏ வகையைச் சேர்ந்த அபெட்டலா-2 குடும்பத்து மரபணு ஒன்று இருக்கிறது. அகாமஸைத் தன் எல்லைக்குள் வராமல் தடுப்பது அதன் வேலை. சாதாரணச் செடியில் மிர்-172 என்னும் நுண் ஆர்.என்.ஏ. அந்தத் தடுப்பாளரைப் பூவின் நடுப்பகுதியில் அடக்கி வைக்கிறது. அடுக்கு ரோஜாவிலோ, இடம்விட்டு இடம் தாவும் ஒரு டி.என்.ஏ. துண்டு அந்த மரபணுவுக்குள் வந்து விழுந்துவிட்டதால், நுண் ஆர்.என்.ஏ. பற்றிக்கொள்ள வேண்டிய பகுதியே இல்லாமல் போயிற்று. கடிவாளம் கழன்ற தடுப்பாளர் உள்வட்டங்களிலும் அகாமஸைத் துரத்துகிறார்.

செடியில் ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகளாக இருக்கும்; இப்படி மாறிய பிரதி ஒன்று இருந்தாலே போதும், பூ அடுக்காகிவிடும். ஆகவே அடுக்குத் தன்மை ஓங்கு பண்பு. ஆனால் இருபது இதழா, அறுபது இதழா என்பதை வேறு பல மரபணுக்களும் பருவநிலையும் சேர்ந்தே முடிவு செய்கின்றன. இதைத் தேர்வில் எழுத மறந்துவிடாதே.

கேள்வி (காரைக்குடி, பூக்கடை வைத்திருப்பவர்): மார்கழியில் வருகிற பூ திரட்சியாக இருக்கிறது. சித்திரையில் அதே செடியில் இதழ் குறைந்து நடுவில் மஞ்சள் தெரிகிறது. உரம் போதவில்லையா, அம்மா?

பதில்: உரத்தின் மேல் மட்டும் பழி போடாதீர்கள். குளிர்ச்சியில் வளரும் மொட்டில் அகாமஸின் இயக்கம் குறைகிறது, இதழ் கூடுகிறது. வெப்பத்தில் அதன் இயக்கம் ஓங்குகிறது, மகரந்தத்தாள் கூடுகிறது. குளிரில் அந்த மரபணுவின் டி.என்.ஏ. மேல் மெத்தில் என்னும் வேதி அடையாளங்கள் கூடுவது இதில் பங்கு வகிக்கிறது என்றும் ஆய்வுகள் காட்டியுள்ளன. நம் செம்மண் சீமையில் பங்குனி பிறந்தாலே சரளைத் தரை கொதிக்கத் தொடங்குகிறது. செடி அதற்கேற்ப நடந்துகொள்கிறது.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மொட்டு கண்ணுக்குத் தெரியும்போது இதழ்களின் எண்ணிக்கை ஏற்கெனவே முடிவாகியிருக்கும். அதன் பிறகு ஊற்றும் நீரும் இடும் உரமும் இதழைப் பெரிதாக்கலாம், எண்ணிக்கையைக் கூட்டாது. நிழல்வலை கட்டுவதானால் கவாத்து செய்து புதுத் தளிர் விடும் நாளிலேயே கட்டுங்கள்.

கேள்வி (பள்ளத்தூர்): புதராக நின்ற செடியில் ஒரு கிளை மட்டும் கொடிபோல நீண்டு சுவரேறிவிட்டது. அதில் பூவே குறைவு. வெட்டிவிடலாமா?

பதில்: அண்ணாச்சி, முதலில் அந்தக் கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று குனிந்து பாருங்கள். ஒட்டுக் கட்டிய இடத்துக்குக் கீழிருந்து வந்து, இலையும் முள்ளும் வேறாக இருந்தால் அது வேர்ச்செடியின் கிளை; தயங்காமல் அடியோடு எடுத்துவிடுங்கள்.

ஒட்டுக்கு மேலிருந்து வந்திருந்தால் கதை வேறு, அதுவும் அழகான கதை. காட்டு ரோஜாக்களில் பெரும்பாலானவை ஆண்டுக்கு ஒரு பருவம் மட்டுமே பூக்கும். கே.எஸ்.என். என்னும் மரபணு பூத்தலுக்குத் தடை போட்டு, கிளையை வளரவிடுவதே காரணம். சீன ரோஜா ஒன்றில் தாவும் டி.என்.ஏ. துண்டு இந்த மரபணுவுக்குள் விழுந்து அதை முடக்கியது. தடை நீங்கியதால் ஒவ்வொரு தளிரும் பூவில் முடிந்தது, செடி குட்டையாக நின்று ஆண்டு முழுதும் பூத்தது. இன்றைய ரோஜாக்கள் மாதந்தோறும் பூப்பது அந்த ஒரு விபத்தின் பயன். ஜப்பானிய, பிரெஞ்சு ஆய்வாளர்கள் சேர்ந்து 2012இல் இதை நிறுவினார்கள். அரிதாக, விழுந்த துண்டு தானே கழன்று, அதன் ஒரு முனை மட்டும் மிஞ்சும். அப்போது மரபணு ஓரளவு மீண்டும் வேலை செய்கிறது; கிளை நீள்கிறது, பூ குறைகிறது. 'ஓல்ட் பிளஷ்' ரோஜாவின் கொடி வடிவம் உருவானது இப்படித்தான். உங்கள் வீட்டுக் கிளையிலும் இதுவே நடந்திருக்கும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். ஆனால் சுவரில் இடம் இருந்தால் ஒரு வருடம் விட்டுப் பாருங்கள். நானாக இருந்தால் வெட்ட மாட்டேன்.

கேள்வி (புதுவயல்): பூவின் நடுவிலிருந்து காம்பு நீண்டு, மேலே இன்னொரு மொட்டு வந்திருக்கிறது. வீட்டுக்கு ஆகாது என்கிறார்கள்.

பதில்: அதில் அபசகுனம் எதுவும் இல்லை. அகாமஸுக்கு இன்னொரு கடமை உண்டு: சூலகம் உருவானதும் "இத்துடன் பூ முடிந்தது" என்று வளர்நுனியை நிறுத்துவது. அந்த நிறுத்தம் தவறினால் பூவுக்குள்ளிருந்து தண்டு தொடர்கிறது. ஜெர்மானியக் கவிஞர் கதே 1790இல் இப்படிப்பட்ட ஒரு ரோஜாவை வருணித்து, பூவின் உறுப்புகள் எல்லாம் இலையின் மாற்று வடிவங்களே என்று வாதிட்டார். ஏ, பி, சி மரபணுக்கள் மூன்றையும் முடக்கினால் பூவுறுப்புகள் இலைபோல் ஆவதை நம் காலத்து ஆய்வுக்கூடங்கள் கண்டன. ஓரிரு பூக்களில் மட்டும் வந்தால் கிள்ளிவிட்டு மறந்துவிடுங்கள். செடி முழுவதும் பூக்கள் பச்சை இலைக் கொத்தாக மாறினால், தத்துப்பூச்சி பரப்பும் பைட்டோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரியின் நோயாகவும் இருக்கக்கூடும். அதிலிருந்து குச்சி எடுத்துப் பதியன் போடாதீர்கள்.

கேள்வி (மீண்டும் தேவகோட்டை மாணவி): ஒற்றை இதழ்க் காட்டு ரோஜாவையும் மாதம் முழுதும் பூக்கும் அடுக்கு ரோஜாவையும் இணைத்தால் என்ன வரும்?

பதில்: இரண்டும் இரண்டு தொகுதி குரோமோசோம் கொண்ட செடிகள் என்று வைத்துக்கொள். அடுக்கு ரோஜாவில் அடுக்குப் பிரதி ஒன்றே இருந்தால் பிள்ளைகளில் ஏறத்தாழப் பாதி அடுக்காகும், இரண்டும் இருந்தால் அனைத்தும் அடுக்காகும். ஆனால் மாதந்தோறும் பூப்பது ஒடுங்கு பண்பு, அதாவது இரண்டு பிரதிகளும் அப்படி இருந்தால்தான் வெளிப்படும். முதல் தலைமுறை முழுவதும் ஆண்டுக்கு ஒரு பருவம்தான் பூக்கும். அதைத் தூக்கி எறிந்துவிடாமல் மறுபடியும் அடுக்கு ரோஜாவோடே இணைத்தால் பாதியில் அந்தப் பண்பு திரும்பும். கொடைக்கானல் எம். எஸ். வீரராகவன் போன்றோர் வெப்பம் தாங்கும் ரோஜாக்களை உருவாக்க இந்தியக் காட்டு இனங்களைக் கொண்டு பல தலைமுறைகள் இணைத்துக்கொண்டே போனதற்கு இப்படிப்பட்ட கணக்கும் ஒரு காரணம். கடையில் வாங்கும் ரோஜாக்களில் பல நான்கு தொகுதி குரோமோசோம் கொண்டவை. அவற்றில் இந்த விகிதம் பொருந்தாது. ஆகவே எந்தச் செடியைத் தேர்ந்தெடுக்கிறாய் என்பதை முதலில் எழுதி வைத்துக்கொண்டு தை மாதத்தில் மகரந்தம் தூவத் தொடங்கு.